அடைப்புக்குறிக்குள்ளே ஒரு விலாசம்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்பினவங்க யாரையாவது பிடிச்சு, "இதுல எது உங்களை ரொம்பப் படுத்தி எடுத்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஆய்வகத்துல ராப்பகலா நின்னதைச் சொல்ல மாட்டாங்க. கணக்குப் போட்டு மண்டை காய்ஞ்சதையும் சொல்ல மாட்டாங்க. "கடைசியில ஒரு ரெஃபரன்ஸ் லிஸ்ட் போடணுமே, அதுதாங்க"ன்னு பெருமூச்சு விடுவாங்க.

ஒரு ஜர்னலுக்கு வருஷம் முன்னால வரணும், இன்னொண்ணுக்குக் கடைசியில வரணும். ஒருத்தர் இனிஷியலுக்குப் புள்ளி வேணும்பார், இன்னொருத்தர் புள்ளியே கூடாதும்பார். ஜர்னல் பேரு சாய்ந்த எழுத்துல இருக்கணும், தொகுதி எண் தடித்த எழுத்துல இருக்கணும், நடுவுல கமாவா அரைப்புள்ளியா... ஒரு இடத்துல கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டா, அடுத்த இடத்துக்கு அனுப்புறதுக்குள்ள அத்தனையையும் மறுபடி மாத்தணும். "சொல்ற விஷயம் ஒண்ணுதானே, கமா எங்க இருந்தா என்னய்யா?"ன்னு கோபம் வர்றது நியாயம்தான்.

ஆனா இந்தக் கமாவுக்குப் பின்னால முன்னூறு வருஷத்துக்கு மேலான கதை ஒண்ணு இருக்கு. அதுல சண்டை இருக்கு, நத்தை இருக்கு, நம்ம உ.வே.சா. இருக்கார், உயிர் போன விவகாரமும் இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க, சொல்றேன்.

ஒரே கட்டுரை, மூணு சட்டை

முதல்ல ஒரு உதாரணம். சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 'ராமன் விளைவு' பத்தி 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழ்ல ஒரு சின்னக் கடிதம் எழுதினாங்க. தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'ஒரு புது வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு'. இதை நீங்க உங்க கட்டுரையில சுட்டிக்காட்டணும்னு வெச்சுக்குவோம்.

ஹார்வர்டு முறையில எழுதினா, வாக்கியத்துக்கு நடுவுலயே (ராமன், கிருஷ்ணன், 1928)ன்னு போட்டுட்டு, கடைசிப் பட்டியல்ல "ராமன், சி. வி., கிருஷ்ணன், கே. எஸ். (1928)"ன்னு ஆரம்பிச்சு மீதி விவரத்தைத் தரணும்.

மருத்துவ ஜர்னல்கள் பயன்படுத்துற வான்கூவர் முறையில வாக்கியத்துல வெறும் [1] மட்டும்தான். பட்டியல்ல ஒண்ணாவது இடத்துல பேரும் தலைப்பும் எழுதி, கடைசியில "நேச்சர். 1928;121:501-2"ன்னு சுருக்கமா முடிச்சிடணும்.

வரலாற்றுக்காரங்களுக்குப் பிடிச்ச சிகாகோ முறையில பக்கத்துக்கு அடியில குறிப்பு. அங்க "சி. வி. ராமன்"னு இனிஷியல் முன்னால வரும், "நேச்சர் 121 (1928): 501"னு முடியும்.

சட்டைதான் மூணு, உள்ள இருக்கிற ஆள் ஒண்ணுதான். யார் சொன்னது, என்னன்னு சொன்னது, எந்த வருஷம், எந்த இதழ், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். ஊர் பேரு, தெருப் பேரு, கதவு எண் மாதிரி. ரெஃபரன்ஸ்ங்கிறது ஒரு விலாசம். "நான் சொல்றதை நம்பாதீங்க, நேரா அங்க போய்க் கதவைத் தட்டிக் கேளுங்க"ன்னு எழுதினவர் வாசகர் கையில கொடுக்கிற விலாசம்.

தப்புகளைப் பட்டியல் போட்ட மனுஷன்

இந்த விலாசம் கொடுக்கிற பழக்கத்தை ஒரு ஆயுதமாவே ஆக்கினவர் பியர் பேல். பிரெஞ்சு புராட்டஸ்டண்ட். மதப் பிரச்சினையால நாட்டை விட்டு வந்து ஹாலந்துல ராட்டர்டாம் நகரத்துல தங்கினவர். அந்தக் காலத்துல மொரேரிங்கிறவர் எழுதின ஒரு அகராதி பிரபலம். அதுல ஏகப்பட்ட பிழை. 'அடுத்தவங்க அகராதிகள்ல இருக்கிற தப்பையெல்லாம் தொகுத்து ஒரு அகராதி போட்டா என்ன?'ன்னு பேலுக்குத் தோணிச்சு. அது வளர்ந்து 1697-ல 'வரலாற்று, விமரிசன அகராதி'யா வெளிவந்துச்சு.

அந்தப் புத்தகத்தோட பக்கத்தைப் பார்த்தா சிரிப்பு வரும். மேல கட்டுரை ரெண்டு மூணு வரி. கீழ பக்கம் முழுக்க ரெண்டு பத்தியில அடிக்குறிப்பு. ஓரத்துல அந்தக் குறிப்புகளுக்கான ஆதாரம். சோறு கொஞ்சம், கூட்டு நிறைய. ஆனா அவரோட நியாயம் சரிதானே? மத்தவன் சொன்னது தப்புன்னு சொல்லணும்னா, அவன் எங்க சொன்னான், உண்மை எங்க இருக்கு, ரெண்டையும் காட்டியாகணுமில்ல?

அடுத்தது எட்வர்ட் கிப்பன். ரோமப் பேரரசு சரிஞ்ச கதையை எழுதினாரே, அவர்தான். முதல் தொகுதி 1776-ல வந்தப்போ குறிப்புகளையெல்லாம் புத்தகத்தோட கடைசியில தள்ளியிருந்தாங்க. தத்துவ ஞானி டேவிட் ஹியூம் படிச்சுட்டு பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார். ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டிப் புரட்டி ஓய்ஞ்சு போறோம், அந்தந்தப் பக்கத்துலயே போடுங்கங்கிறது அதோட சாரம். அப்புறம் வந்த பதிப்புகள்ல குறிப்புகள் பக்கத்துக்கு அடியில இறங்கிடுச்சு. கடைசிப் பக்கக் குறிப்பா, அடிக்குறிப்பாங்கிற சண்டைக்கு அவ்வளவு வயசு :-)

கிறிஸ்தவ மதம் பரவினதைப் பத்தி கிப்பன் எழுதின 15, 16-ஆம் அத்தியாயங்கள் பலரைக் கொதிக்க வெச்சுது. ஹென்றி டேவிஸ்னு ஆக்ஸ்ஃபோர்டுல படிச்ச ஒரு இளைஞர் 1778-ல ஒரு புத்தகமே போட்டார். "இவர் காட்டுற இடங்கள்ல அப்படி எழுதியிருக்கலை, திரிச்சிருக்கார், மத்தவங்க எழுத்தைத் திருடியிருக்கார்"ன்னு குறிப்பு குறிப்பா எடுத்துத் தாக்கினார். கிப்பன் 1779-ல பதில் புத்தகம் போட்டு ஒவ்வொண்ணா மறுத்தார்.

யார் ஜெயிச்சாங்கங்கிறதை விடுங்க. அந்தச் சண்டை நடக்க முடிஞ்சதே கிப்பன் விலாசம் கொடுத்திருந்ததாலதான். கொடுக்கலைன்னா டேவிஸ் எங்க போய்க் கதவைத் தட்டியிருப்பார்? தன்னை மாட்டிவிடுறதுக்கான சாவியை எதிராளி கையிலயே கொடுக்கிறதுதான் ரெஃபரன்ஸோட கௌரவம்.

நத்தை கொண்டுவந்த அடைப்புக்குறி

இப்போ நாம போடுற (பேரு, வருஷம்) எங்கேருந்து வந்துச்சு? இதைத் தேடிக் கண்டுபிடிச்சு எலி செர்னின்ங்கிறவர் 1988-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். ஹார்வர்டுல விலங்கியல் ஆசிரியரா இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-ல ஒரு நீளமான கட்டுரை வெளியிட்டார். ஓடில்லாத நத்தையோட முட்டை எப்படி முதிர்ந்து, கருவாகி, பிளவுபடுதுங்கிறது விஷயம். அதுலதான் இந்த மாதிரி பேரையும் வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு, கடைசியில முழு விவரம் தந்திருக்கார். அவர் ஹார்வர்டுக்காரர்ங்கிறதால 'ஹார்வர்டு முறை'ன்னு பேரு ஒட்டிக்கிச்சு. மத்தபடி அந்தப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து வகுத்த விதி இல்லை.

இதுல ஒரு சௌகரியம் இருக்கு. எண் போடுற முறையில நடுவுல புதுசா ஒரு ரெஃபரன்ஸ் சேர்த்தா அதுக்கப்புறம் இருக்கிற எல்லா எண்ணையும் மாத்தணும். பேரும் வருஷமும் போட்டா அந்தத் தொல்லை கிடையாது. தட்டச்சு காலத்துல இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு யோசிச்சுப் பாருங்க. தவிர, "இது பழைய கட்டுரையா, புதுசா?"ன்னு படிக்கிறப்பவே தெரிஞ்சிடும். அறிவியல்ல அது முக்கியம்.

மார்க் அங்க நத்தையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, இங்க கும்பகோணம் கல்லூரியில தமிழ் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். அவர் பிரச்சினையும் ரெஃபரன்ஸ் பிரச்சினைதான்!

நம்ம மரபுல முன்னோரைச் சுட்டுற பழக்கம் ரொம்பப் பழசு. தொல்காப்பியமே 'என்ப', 'மொழிப'ன்னு சொல்லிச் சொல்லித்தான் இலக்கணம் பேசும். 'அப்படிச் சொல்லுவாங்க'ன்னு அர்த்தம். யாருன்னு மட்டும் சொல்லாது. பின்னால வந்த உரையாசிரியர்களும் அப்படித்தான். நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையில எத்தனையோ பழைய நூல்கள்லேருந்து வரிகளை எடுத்துக் காட்டுவார். பல இடத்துல நூல் பேரு இருக்காது. அவர் காலத்து மாணவனுக்கு அதெல்லாம் மனப்பாடம், விலாசம் தேவைப்படலை. ஒரே தெருவுல இருக்கிறவங்களுக்குக் கதவு எண் எதுக்கு?

ஆனா சில நூறு வருஷம் போச்சு. தெருவே மறந்துபோச்சு. உ.வே.சா. கையில வரி மட்டும் இருக்கு, வீடு எங்கன்னு தெரியலை. ஏடு ஏடாத் தேடினார். பத்துப்பாட்டு ஏடு கிடைச்சப்போ, நச்சினார்க்கினியர் காட்டின வரிகள் பல அங்க இருக்கிறதைப் பார்த்தார். 1887-ல சிந்தாமணி அச்சாச்சு, 1889-ல பத்துப்பாட்டு. தன் பதிப்புகள்ல எந்த மேற்கோள் எந்த நூல்லேருந்து வருதுன்னு எழுதிவெச்சார். கண்டுபிடிக்க முடியாததை 'விளங்கா மேற்கோள்'னு தனியா அகராதியே போட்டார். "இதுக்கு வீடு தெரியலை, தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு அர்த்தம். ஒரு பதிப்பாசிரியரோட நேர்மைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

வளையாபதி, குண்டலகேசி ரெண்டும் முழுசாக் கிடைக்காம, யாரோ மேற்கோள் காட்டினதாலயும் தொகைநூல்ல சேர்த்ததாலயும் சில பாட்டா மட்டும் பிழைச்சு நிக்குது. மேற்கோள் ஒரு நூலையே காப்பாத்தும்ங்கிறதுக்கு நம்மகிட்டயே சாட்சி இருக்கு.

ஏழு பக்கம் நானூறு பக்கமான கதை

இருபதாம் நூற்றாண்டுல ஜர்னல்கள் பெருகப் பெருக, ஆளாளுக்கு ஒரு விதின்னு ஆச்சு. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்து ஆட்கள் தங்களுக்குள்ள வெச்சிருந்த விதிகள் 1906-ல புத்தகமாச்சு. அமெரிக்க சட்ட மாணவர்களோட 'புளூபுக்' 1926-ல 26 பக்கத்தோட ஆரம்பிச்சுது. 2010-ல வந்த 19-ஆவது பதிப்பு 511 பக்கம். உளவியல்காரங்க 1929-ல வெளியிட்டது ஏழே பக்கம். அதுதான் இப்போ எல்லாரும் ஏபிஏன்னு சொல்றது. 2019-ல வந்த ஏழாவது பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டுது!

மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் சிலர் 1978 ஜனவரியில கனடாவுல வான்கூவர் நகரத்துல கூடி, "நாமளாவது ஒரே மாதிரி கேட்போம்"னு முடிவு பண்ணினாங்க. அந்த விதிகள் 1979-ல வெளியாச்சு. நாம பார்த்த [1] முறைக்கு வான்கூவர்னு பேரு வந்தது அதனாலதான்.

1985-ல ஓரன் படாஷ்னிக் பிப்டெக் எழுதினார். விவரத்தை ஒரு தடவை உள்ளிட்டா போதும், சட்டையை கம்ப்யூட்டரே மாட்டிவிடும். 2006-ல ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துலேருந்து ஸோடெரோ இலவசமா வந்துச்சு. 2000-லேருந்து கிராஸ்ரெஃப் அமைப்பு கட்டுரைகளுக்கு டிஓஐங்கிற நிரந்தர எண் பதிவு பண்ணுது. இணையதளம் இடம் மாறினாலும் விலாசம் மாறாது. கமா தொல்லை இன்னைக்குப் பெரும்பாலும் தீர்க்கக்கூடிய தொல்லைதான்.

அப்பா பேர்ல சேர்ற புண்ணியம்

இந்த விதிகள் எல்லாத்துலயும் நம்மள மாதிரி ஆட்களுக்கு ஒரு கண்ணி இருக்கு. விதிப்படி 'குடும்பப் பேரு' முதல்ல வரணும். நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? சி. வி. ராமன்ல 'சி' அப்பா சந்திரசேகரன். சொந்தப் பேரு வேங்கடராமன். அது ரெண்டாப் பிளந்து 'ராமன்' குடும்பப் பேரு மாதிரி ஆயிடுச்சு. ஸ்ரீனிவாச ராமானுஜன்லயும் ஸ்ரீனிவாச அப்பா பேருதான். இனிஷியல் முன்னால இருந்ததால ரெண்டு பேருமே சொந்தப் பேர்லயே நின்னாங்க.

இப்போ பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரிச்சு, கார்த்திக் சுப்பிரமணியன்னு எழுதுற பையனை எடுத்துக்கங்க. ஜர்னல்ல அவன் 'சுப்பிரமணியன், கே.' அதாவது ஆராய்ச்சி பண்ணினது மகன், பேரு வாங்கினது அப்பா! அதே பையன் வேற கட்டுரையில எஸ். கார்த்திக்னு போட்டிருந்தா அங்க 'கார்த்திக், எஸ்.' கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரும் வேற வேற ஆள்.

இதுல என்ன நஷ்டம்னு கேட்டா, இருக்கு. யூஜீன் கார்ஃபீல்ட்ங்கிறவர் 1955-ல சயன்ஸ் இதழ்ல ஒரு யோசனை சொன்னார். எந்தக் கட்டுரையை யார் யார் சுட்டியிருக்காங்கன்னு தலைகீழாப் பட்டியல் போடலாமேன்னு. அமெரிக்க வக்கீல்கள் தீர்ப்புகளுக்கு 1873-லேருந்து அப்படி ஒரு பட்டியல் வெச்சிருந்தாங்க, அதுதான் முன்மாதிரி. 1964-ல அவரோட அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்துச்சு. தேடுறதுக்காக வந்த அட்டவணை, மெதுவா எண்ணுறதுக்குன்னு ஆயிடுச்சு. இன்னைக்கு வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாத்துலயும் அந்த எண்ணிக்கை வந்து உட்காருது. அதனால பையன் ரெண்டு ஆளாப் பிரிஞ்சா எண்ணிக்கையும் பிரிஞ்சிடும். 2012-ல வந்த ஆர்கிட்ங்கிற 16 இலக்க எண் இந்தச் சிக்கலுக்குத்தான். ஆராய்ச்சிக்கு வர்ற பிள்ளைகளுக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க: முதல் கட்டுரையில போட்ட பேரையே கடைசி வரைக்கும் போடணும், ஆர்கிட் எண்ணை முதல் நாளே வாங்கிடணும்.

இல்லாத கட்டுரையும் ஐந்து வாக்கியமும்

எண்ணிக்கைன்னு ஆனதும் விலாசத்துக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது.

வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லப்டன் மூணு பேரும் 2000-ல எழுதினதாச் சொல்லப்படுற ஒரு கட்டுரை. 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை'. தொகுதி 163, பக்கம் 51-லேருந்து 59. கிட்டத்தட்ட நானூறு கட்டுரைகள் இதைச் சுட்டியிருந்துச்சு. ஆனா அப்படி ஒரு கட்டுரையே கிடையாது! எல்செவியர் பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்துல, 'ரெஃபரன்ஸ் இப்படி எழுதணும்'னு காட்டுறதுக்காகக் கற்பனையா வெச்ச உதாரணம் அது. லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் குரூனென்பெர்க் சந்தேகப்பட, ஆன்-வில் ஹார்சிங் 2017-ல துருவிப் பார்த்து எழுதினார். படிவத்துல இருந்த உதாரணத்தை அழிக்காம அனுப்பினவங்க கொஞ்சம். அப்படியே தங்கள் கட்டுரைக்குள்ள சேர்த்துக்கிட்டவங்க கொஞ்சம். கமா, புள்ளி எல்லாம் கச்சிதம். வீடுதான் இல்லை.

இதைச் சிரிச்சுட்டுப் போயிடலாம். அடுத்ததைச் சிரிக்க முடியாது.

1980 ஜனவரியில நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக் ரெண்டு பேரும் ஒரு கடிதம் எழுதினாங்க. மொத்தமே அஞ்சு வாக்கியம். மருத்துவமனையில சேர்ந்து ஓபியம் வகை வலி மருந்து வாங்கின 11,882 பேர்ல, ஏற்கனவே பழக்கம் இல்லாதவங்கள்ல, அடிமையானதாப் பதிவானது நாலே பேர்னு சொல்லுச்சு. மருத்துவமனைக்குள்ள, டாக்டர் கண் முன்னால இருக்கிற நோயாளிகளைப் பத்தின தகவல் அது. வீட்டுக்கு மாத்திரை வாங்கிட்டுப் போய் மாசக்கணக்காச் சாப்பிடறவங்களைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை.

ஆனா ஒருத்தர் சுட்டினதைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து வேறொருத்தர். 2017-ல கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தப்போ, அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் சுட்டியிருந்துச்சு. அதுல 439, 'அடிமையாவது அபூர்வம்'ங்கிறதுக்கு அதை ஆதாரமாக் காட்டியிருந்துச்சு. 491 கட்டுரைகள், இது மருத்துவமனை நோயாளிகளைப் பத்தினதுங்கிறதைச் சொல்லவே இல்லை. அந்த மாத்திரைகளை அமெரிக்க டாக்டர்கள் தாராளமா எழுதிக்கொடுக்க, 1999-லேருந்து 2019 வரைக்கும் ஓபியம் வகை மருந்துகளும் போதைப்பொருள்களும் அளவுக்கு மிஞ்சிப் போய் அங்க செத்தவங்க கிட்டத்தட்ட அஞ்சு லட்சம். ஒரு கடிதம்தான் காரணம்னு சொல்ல முடியாது. கம்பெனி விளம்பரம், பண ஆசை, ஹெராயின், ஃபென்டானில்னு நிறைய இருக்கு. ஆனா 'பயப்படாம எழுதிக்கொடுங்க'ங்கிற தைரியத்துக்கு அந்த அஞ்சு வாக்கியம் ஆதாரமா நின்னுது. விலாசம் சரியாத்தான் இருந்துச்சு. போய்ப் பார்க்கத்தான் நிறைய பேருக்கு நேரமில்லை.

2023-ல நியூயார்க் கோர்ட்டுல நடந்தது இதோட அடுத்த கட்டம். விமானக் கம்பெனி மேல போட்ட ஒரு வழக்குல வக்கீல்கள் காட்டின முன் தீர்ப்புகள்ல ஆறு, சாட்ஜிபிடி கற்பனை பண்ணிக் கொடுத்தது. கோர்ட் பேரு, வருஷம், எண் எல்லாம் இலக்கணசுத்தமா இருந்துச்சு. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். நம்ம உரையாசிரியர்கள் காட்டின வரி நிஜம், விலாசம் இல்லை. இது நேர் எதிர்: விலாசம் பளபளக்குது, வீடு கிடையாது.

சட்டை மாட்டுறது மிஷின் வேலைன்னு ஆயிடுச்சு. ஸோடெரோவோ வேறெதுவோ பார்த்துக்கட்டும். கதவைத் தட்டுறது மட்டும் இன்னும் மனுஷன் வேலைதான். நாப்பது ரெஃபரன்ஸ் போட்டா நாப்பதையும் திறந்து படிச்சிருக்கணும், நாம சொல்றதை அது நிஜமாவே சொல்லுதான்னு பார்த்திருக்கணும். கிடைக்கலைன்னா உ.வே.சா. மாதிரி 'விளங்கலை'ன்னு ஒத்துக்கலாம், அது கௌரவக் குறைச்சல் இல்லை.

சந்தேகமா இருந்தா ராமன் விலாசத்தையே எடுத்துக்கங்க. 1928-ல எழுதினது. நேச்சர், 121-ஆவது தொகுதி, 501-ஆம் பக்கம். போய்த் தட்டிப் பாருங்க. ராமனும் கிருஷ்ணனும் இன்னும் வீட்டுலதான் இருக்காங்க.